நஞ்சுக்கொடி: ஒரு சொல்லின் வரலாறு

புத்தூருக்கு அருகில் நாராயணவனம் என்னும் பழம்பதி உள்ளது. ஆகாசராசன் மகளாகிய பத்மாவதித் தாயாரைத் திருவேங்கடமுடையான் மணந்த இடம் அதுவே என்று தலபுராணம் கூறும். நிலத்தை உழுத மன்னனுக்குத் தாமரை மலரில் கிடைத்த குழந்தை அத்தாயார் என்பது ஐதிகம். கருவில் ஊறாது வந்த பிறவி அது. மானிடராய்ப் பிறந்த நமக்கோ அந்தப் பேறு இல்லை. நாம் ஒவ்வொருவரும் ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் ஒரு கொடியைப் பற்றிக்கொண்டு வாழ்ந்தவர்களே. பிறந்த சிறிது நேரத்தில் அக்கொடி புதைக்கப்பட்டது; அல்லது எறியப்பட்டது. அதற்கு நாம் நன்றி சொன்னதில்லை. அதற்குத் தமிழில் நாம் இட்ட பெயரும் நஞ்சு என்பதேயாகும்.

நாராயணவனம் சித்தூர் மாவட்டத்தோடு சென்னை மாகாணத்தில் இருந்த நாளில், என் பாட்டியாரின் தங்கை ஒருவர் தலைப்பிரசவத்திற்காக அங்கிருந்த தாய்வீட்டிற்கு வந்தார். எட்டாம் மாதத்தில் முகமும் கைகால்களும் வீங்கின. தலைவலி என்று இரண்டு நாள் படுத்திருந்தார். மூன்றாம் நாள் வலிப்புக் கண்டது. தாயும் பிழைக்கவில்லை, பிள்ளையும் பிழைக்கவில்லை. "நஞ்சு தலைக்கு ஏறிவிட்டது" என்று வீட்டார் கூறினர். என் பாட்டியாரும் தம் இறுதிக்காலம் வரை அவ்வாறே சொல்லி வந்தார். அது அறியாதார் பேச்சு என்று இளமையில் நான் எண்ணியதுண்டு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டபின், சொற்களை அவ்வளவு எளிதில் தள்ளிவிடக் கூடாது என்று உணர்ந்தேன். அந்தச் சொல்லில் எவ்வளவு மெய், எவ்வளவு பொய் என்பதை அறிய மருத்துவ உலகிற்கு நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அந்த வரலாற்றையே இங்குச் சொல்லப் போகிறேன்.

வெளி மாநிலங்களில் வாழும் நேயர்கள் அக்கம்பக்கத்தாரின் பேச்சைக் கவனித்திருப்பீர்கள். நாம் நஞ்சு என்பதனைத் தெலுங்கர் மாய என்றும் மாவி என்றும் கூறுவர். மலையாளிகள் மறுபிள்ள என்பர். அதாவது, பிள்ளைக்குப் பின்னே வரும் மற்றொரு பிள்ளை. வங்காளிகள் அதனைப் பூ என்றே வழங்குவர். வடமொழி மருத்துவ நூல்கள் அபரா என்று குறித்தன. இந்தி மொழியில் அப்பெயரே இன்றைய பாடநூல்களிலும் நிற்கிறது. ஒரு பொருளை ஒரு மொழி மலராகக் கண்டது. ஒரு மொழி குழந்தையாகக் கண்டது. தமிழ் மட்டும் நஞ்சாகக் கண்டது. பிள்ளை பிறந்தபின் அது வெளிப்படாமல் உள்ளேயே தங்கிவிட்டால் தாயின் உயிருக்கே கேடாகும். அதனால் நஞ்சு எனப் பெயர் பெற்றது என்று பெரியோர் பொருள் கூறுவர். எனினும் நம் கிராமங்களில் பசு ஈன்ற நஞ்சுக்கொடியை வைக்கோலில் பொதிந்து, ஆலமரக் கிளையில் கட்டுவதும் வழக்கம். பால் வடியும் மரத்தில் கட்டினால் பசுவும் பால் பெருக்கும் என்பது நம்பிக்கை. அஞ்சவும் செய்தோம்; போற்றவும் செய்தோம்.

மேனாட்டார் இதனைக் குறிக்க வழங்கும் பிளாசென்டா என்ற சொல் இலத்தீன் மொழியில் தட்டையான பணியாரத்தைக் குறிப்பது. ரியால்டோ கொலம்போ என்னும் இத்தாலிய உடற்கூற்று ஆசிரியர் 1559-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் அப்பெயரை வழங்கினார். பெயர் கிடைத்தது, தொழில் விளங்கவில்லை. தாயின் குருதியே நேராகப் பிள்ளையின் உடலில் பாய்கிறது என்று அக்காலத்தார் பலரும் நம்பினர். பொலோனா நகரத்து அரான்சியோ என்பார் 1564-இல் அதனை மறுத்தார். தாயின் குருதிக்குழாய்களும் சேயின் குருதிக்குழாய்களும் ஒன்றோடொன்று இணையவில்லை என்றார். ஆனால் கண்ணாரக் காட்டினாலன்றி உலகம் நம்புமா?

காட்டியவர்கள் ஹண்டர் சகோதரர்கள். ஸ்காட்லாந்தில் பிறந்து இலண்டன் மாநகரில் புகழ்பெற்ற வில்லியம் ஹண்டரும் அவர் தம்பி ஜான் ஹண்டரும், கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் கருப்பையை ஆராய்ந்தனர். வண்ணமிட்ட மெழுகைத் தாயின் குருதிக்குழாய்களில் செலுத்திப் பார்த்தனர். அது நஞ்சுக்கொடியின் இடைவெளிகளை நிரப்பியது. பிள்ளையின் குழாய்களில் நுழையவில்லை. பிள்ளையின் பக்கமிருந்து செலுத்தியதும் தாயின் பக்கம் செல்லவில்லை. 1774-இல் வில்லியம் ஹண்டர் 34 பெரிய படங்களுடன் வெளியிட்ட நூல் இவ்வுண்மையை நிலைநாட்டியது. இரு குருதியும் கலவாமலே ஒன்றுக்கொன்று கொடுத்தும் வாங்கியும் வாழ்கின்றன. நடுவே நிற்கும் சுவர் யாது? அச்சுவர் எதனால் ஆனது? இவ்வினாவிற்கு விடை காண நுணுக்குக்காட்டி வளர வேண்டியிருந்தது.

ஆலமரம் விழுது விடுவதுபோல நஞ்சுக்கொடியும் தாயின் குருதித் தேக்கத்தினுள் எண்ணற்ற சிறு விழுதுகளை விட்டிருக்கிறது. ஏறத்தாழ அரைக்கிலோ எடையுள்ள அந்த உறுப்பின் விழுதுகளையெல்லாம் விரித்துப் பரப்பினால், பேறுகாலத்தில் அவற்றின் பரப்பு 11 அல்லது 12 சதுர மீட்டர் இருக்கும். ஒரு சிறு அறையின் தரை அளவு என்று கொள்ளலாம். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பேராசிரியராயிருந்த தியோடர் லாங்ஹான்ஸ், 1870-ஆம் ஆண்டு முதல் இவ்விழுதுகளை ஆராய்ந்து எழுதினார். விழுதின் மேல்தோலுக்கு உள்ளே, தனித்தனி எல்லை கொண்ட உயிரணுக்கள் வரிசையாக நிற்பதை அவர் விளக்கினார். அவற்றிற்கு லாங்ஹான்ஸ் அணுக்கள் என்ற பெயர் இன்றும் உண்டு. அவற்றின் மேலே போர்த்தியிருக்கும் படலமோ விந்தையானது. அதில் அணுவுக்கும் அணுவுக்கும் இடையே எல்லையே இல்லை. எண்ணிறந்த உட்கருக்கள் ஒரே பரப்பில் மிதக்கின்றன. இதனைக் கூட்டணுப் படலம் என்று நாம் அழைப்போம்.

இவ்விரண்டிற்கும் பொதுப்பெயர் இட்டவர் ஒல்லாந்து நாட்டு விலங்கியல் அறிஞர் ஹூப்ரெக்ட். அவர் ஆராய்ந்தது மனிதரை அன்று, முள்ளெலியை. தாயின் கருப்பையைத் தொட்டு நிற்கும் கருவின் வெளிப்புற அணுக்களுக்கு 1889-ஆம் ஆண்டில் அவர் டிரோபோபிளாஸ்ட் என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் டிரோபே என்பது ஊட்டம். பிளாஸ்டோஸ் என்பது முளை. ஊட்டமுளை என்று தமிழில் சொல்லலாம். கரு உண்டாகி ஐந்தாறு நாள்களுக்குள் பிள்ளைக்கென ஒரு பகுதியும் ஊட்டத்திற்கென ஒரு பகுதியும் பிரிந்துவிடுகின்றன. பிள்ளைக்கு இதயம் உருவாகுமுன்னரே அதனைப் பேணும் செவிலி உருவாகிவிடுகிறாள். தமிழர் நஞ்சு என்றதை ஹூப்ரெக்ட் ஊட்டம் என்றார். வரலாற்றின் ஒரு திருப்பம் இது.

விழுதின் உள்ளீட்டில் வேறொரு வகை அணுவும் உண்டு. வியன்னா நகரத்து ஹோப்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை விரிவாக விளக்கினார். ஊரில் காவற்காரன் சுற்றி வருவதுபோல இந்த ஹோப்பவர் அணுக்கள் சுற்றி வந்து, கழிவுகளையும் கிருமிகளையும் விழுங்கும் தன்மையன. சில வேளை காவலனே கள்வனுக்கு இடம் கொடுப்பதும் உண்டு. 2015, 2016-ஆம் ஆண்டுகளில் பிரேசில் நாட்டில் ஜிக்கா வைரஸ் பரவிக் குழந்தைகள் சிறுத்த தலையுடன் பிறந்தபோது, அவ்வைரஸ் இந்த அணுக்களினுள் குடிபுக வல்லது என்று ஆராய்ச்சியாளர் கண்டனர்.

கூட்டணுப் படலத்தின் தொழில்கள் பலவாகும். பிராணவாயுவையும் சர்க்கரையையும் புரதக் கூறுகளையும் தாயிடமிருந்து பெற்றுப் பிள்ளைக்குக் கொடுக்கிறது; கழிவைத் திருப்பி அனுப்புகிறது. தாய் தன் வாழ்நாளில் ஈட்டிய நோய்த்தடுப்புப் பொருள்களைப் பிள்ளைக்குச் சீதனமாக வழங்குகிறது. கருப்பை தன் உள்தோலை உதிர்த்துவிடாதபடி ஒரு ஹார்மோனையும் சுரக்கிறது. கருவுற்ற பெண்ணின் சிறுநீரில் இத்தகைய பொருள் உண்டென்று ஜெர்மானியராகிய ஆஷ்ஹைம், சோண்டெக் இருவரும் 1927-ஆம் ஆண்டில் கண்டனர். அது நஞ்சுக்கொடி அணுக்களிலிருந்தே வருகிறது என்பதை, அவ்வணுக்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்து, 1938-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கையும் அவருடைய துணைவர்களும் மெய்ப்பித்தனர். இன்று மருந்துக் கடையில் வாங்கும் கருப்பரிசோதனைப் பட்டை தேடுவது இந்த ஹார்மோனையே.

இந்த ஹார்மோனை வைத்து நம் நாட்டிலும் ஒரு பெருமுயற்சி நடந்தது. தில்லியில் பேராசிரியர் ஜி. பி. தல்வார் அதற்கு எதிராக ஒரு தடுப்பூசியை உருவாக்கினார். கரு தங்குவதை அதனால் தடுக்கலாம் என்பது நோக்கம். 1994-இல் வெளிவந்த ஆய்வு முடிவின்படி, தடுப்புத்திறன் போதிய அளவில் இருந்த பெண்களின் 1,224 மாதச் சுழற்சிகளில் ஒரே ஒரு கருவுறுதல்தான் நேர்ந்தது. எல்லாப் பெண்களுக்கும் அத்திறன் போதிய அளவில் உண்டாகவில்லை என்பது குறைபாடு. எனினும் ஒரு வகை அணுவின் சுரப்பு ஒன்றில் மனித இனத்தின் தொடர்ச்சியே தொங்குகிறது என்பதை அவ்வாய்வு உலகிற்குக் காட்டியது.

எல்லையற்ற அந்தப் படலம் எவ்வாறு உண்டாகிறது? உள்வரிசையிலுள்ள லாங்ஹான்ஸ் அணுக்களே ஒன்றோடொன்று கலந்து மேற்படலமாக மாறுகின்றன என்று 1960-களில் தெளிவாயிற்று. தனித்தனி அணுக்களைக் கலந்து ஒன்றாக்கும் பசை எது என்பது 2000-ஆம் ஆண்டில் தெரிந்தது. அது சின்சிட்டின் என்னும் புரதம். அதனைச் செய்யும் மரபணு மனிதருக்கு உரியதன்று, வைரசுக்கு உரியது! இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, நம் குரங்கு முன்னோரின் உடலில் புகுந்த ஒரு வைரஸ், மரபணுத் தொகுதியில் நிலையாகத் தங்கிவிட்டது. உயிரணுக்களைத் துளைத்துப் புகுவதற்கு அது வைத்திருந்த கருவியை, நம் உடல் தன் அணுக்களை இணைக்கும் கருவியாக மாற்றிக்கொண்டது. வைரஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு நஞ்சு என்பதே பொருள். தமிழில் அதனை நச்சுயிரி என்கிறோம். நஞ்சுக்கொடியில் மெய்யாகவே ஒரு பழைய நஞ்சு உண்டு. சொல்லைப் படைத்தவர்கள் இதனை அறிந்து படைத்தார்கள் என்று நான் கூற வரவில்லை, தற்செயலான பொருத்தமே. எனினும் பகையாய் வந்த நஞ்சு உறவாகிப் பிள்ளையைக் காக்கிறது என்பது எண்ணி மகிழத்தக்கது.

இனி என் பாட்டியாரின் தங்கைக்கு வருவோம். அவரைக் கொன்றது எது?

விழுதுகளை விட்டுப் புறப்பட்டுத் தாயின் கருப்பைச் சுவரினுள்ளேயே நுழையும் ஊட்டமுளை அணுக்கள் உண்டு. இவற்றை ஊடுருவும் அணுக்கள் என்போம். கருப்பைச் சுவரில் திருகு போன்ற சிறு நாடிகள் நூறளவில் உள்ளன. இவ்வணுக்கள் அவற்றை அடைந்து, அவற்றின் தசையை அகற்றி, குறுகிய வாய்க்காலை அகன்ற ஆறாக மாற்றுகின்றன. அதனாலேதான் நிறைமாதத்தில் நிமிடத்திற்கு அரை லிட்டருக்கு மேற்பட்ட குருதி, விசையின்றி, வயலில் நீர் பாய்வதுபோல் மெல்லப் பரவுகிறது. விழுதுகள் நோவதில்லை.

இதில் வியப்பொன்று உண்டு. பிள்ளையில் பாதி தந்தையின் கூறு. தாயின் உடலுக்கு அது அயல். ஒருவர் தோலை மற்றவர் உடலில் ஒட்டினால் உடல் அதனை வெறுத்து ஒதுக்குகிறது. பிள்ளையை மட்டும் ஏன் ஒதுக்கவில்லை? இவ்வினாவை 1953-இல் இங்கிலாந்து அறிஞர் பீட்டர் மெடாவர் எழுப்பினார். ஊடுருவும் அணுக்கள் தம் மேற்பரப்பில் தனித்ததோர் அடையாளச் சின்னத்தைத் தாங்கிச் செல்கின்றன என்பது 1990-இல் தெரிந்தது. அச்சின்னத்தைக் கண்டு கருப்பையின் காவல் அணுக்கள் அமைதி கொள்கின்றன. வேற்றூர் செல்பவன் கையில் கொண்டு செல்லும் அறிமுகக் கடிதம் போன்றது அது. வெளி மாநிலத்தில் குடியேறியவர்களுக்கு அக்கடிதத்தின் அருமை தெரியும்.

இந்த அணுக்கள் தம் பணியில் தவறினால் என்னாகும்? 1967-ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டு இவோ பிரோசன்ஸ் என்பாரும் இலண்டனில் பணியாற்றிய ராபர்ட்சன், டிக்சன் ஆகியோரும் அதனைக் காட்டினர். கருவுற்ற காலத்தில் இரத்த அழுத்தம் மிக்குத் துன்புற்ற பெண்களின் கருப்பையில், அத்திருகு நாடிகள் போதிய அளவு அகலவில்லை. ஊடுருவும் அணுக்கள் ஆழமாகச் செல்லாமல் மேலோட்டமாகவே நின்றிருந்தன. வாய்க்கால் வாய்க்காலாகவே இருந்துவிட்டது. விழுதுகள் வாடின.

அந்த நோய்க்கு ஆங்கில மருத்துவர் அக்காலத்தில் வழங்கிய பெயர் யாது தெரியுமா? டாக்ஸீமியா. குருதியில் நஞ்சு கலத்தல் என்பது அதன் பொருள்! நஞ்சுக்கொடியிலிருந்து ஏதோ ஒரு நச்சுப்பொருள் புறப்பட்டுத் தாயின் உடலெங்கும் பரவுகிறது என்று அவர்களும் எண்ணினர். நாராயணவனத்து வீட்டார் சொன்னதும் அதுவேயல்லவா? கர்நூலில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை எழும்பூர் மகளிர் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார், 1938-இல் மகப்பேற்று மருத்துவ நூல் ஒன்றை வெளியிட்டார். நாடெங்கும் மருத்துவ மாணவர்கள் பல தலைமுறையாக அதனைப் பயின்றனர். நோயின் அறிகுறிகளை மருத்துவர் நன்கு அறிந்திருந்தனர். நஞ்சு எது என்பதை மட்டும் எவரும் பிடிக்கவில்லை. பிடிபடாமையால், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டாக்ஸீமியா என்ற பெயரையே மருத்துவ நூல்கள் படிப்படியாகக் கைவிட்டன. இன்று அந்நோயை முன்வலிப்பு நோய் எனலாம்.

பெயர் போனபின் பொருள் அகப்பட்டது. சென்னையில் மருத்துவம் பயின்று அமெரிக்கா சென்ற எஸ். ஆனந்த் கருமஞ்சி என்பார், போஸ்டன் நகரில் தம் குழுவினருடன் செய்த ஆய்வை 2003-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அந்நோயுற்ற பெண்களின் நஞ்சுக்கொடி ஒரு புரதத்தை அளவுக்கு மிஞ்சிச் சுரக்கிறது. அப்புரதம் தாயின் குருதியிற் கலந்து, குருதிக்குழாய்களின் உட்சுவரைப் பேணும் நற்பொருள்களைக் கவர்ந்து முடக்கிவிடுகிறது. அதனாலேயே அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரில் புரதம் கசிகிறது. எலிகளுக்கு அப்புரதத்தைக் கொடுத்தபோது அவற்றிற்கும் அதே குறிகள் தோன்றின. அப்புரதத்தை அளக்கும் குருதிச் சோதனைக்கு அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2023-இல் இசைவளித்தது. அளவோடு சுரந்தால் அது உடலுக்கு இயல்பான பொருளே. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற நம் பழமொழி இங்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது.

2018-இல் கேம்பிரிட்ஜ் நகரத்து அறிஞர்கள் தொடக்க மாதங்களின் நஞ்சுக்கொடியிலிருந்தும் அதனைத் தாங்கும் கருப்பைத் தோலிலிருந்தும் தாயின் குருதியிலிருந்தும் ஏறத்தாழ 70,000 அணுக்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, எந்த அணு எந்த மரபணுவை இயக்குகிறது என்று படித்தனர். அணுக்கள் தம்முள் பேசிக்கொள்ளும் மொழியின் அகராதி ஒன்று அதனால் தொகுக்கப்பெற்றது. அகராதி முழுமையாகி, நோய் தொடங்குமுன்னரே அதனை அறிந்து விலக்கும் நாள் வரும் என்று நம்பலாம்.

அதுவரை நாம் செய்யத்தக்கது என்ன? 1995-இல் வெளிவந்த ஒரு பன்னாட்டு ஆய்வு, நம் நாட்டுப் பெண்களையும் உள்ளிட்டு 1,687 பேரைக் கொண்டு, வலிப்பைத் தடுக்கும் சிறந்த மருந்து மக்னீசியம் சல்பேட் என்று காட்டியது. பேதி உப்பு என்று நாம் அறிந்த அதே உப்பு ஊசிமருந்தாக உயிர் காக்கிறது. 2018 முதல் 2020 வரையிலான அரசுக் கணக்கின்படி, இந்தியாவில் உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 97 தாய்மார் இறந்தனர். ஆந்திரத்தில் அது 45, தமிழகத்தில் 54. முன்னைய காலத்தை நோக்க இது பெருஞ்சாதனை. ஆயினும் இறந்த ஒவ்வொருவரும் ஒரு வீட்டின் தங்கையே.

வெளி மாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களில் தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு அனுப்பும் வழக்கம் இன்னும் உண்டு. ஏழாம் மாதத்தில் வளைகாப்பிட்டு இரயிலேற்றி விடுகிறோம். பெண் ஓர் ஊரின் மருத்துவரை விட்டு மற்றோர் ஊரின் மருத்துவரைக் காணும் இடைவெளியில்தான் இந்நோய் தலைகாட்டும் காலமும் அமைகிறது. ஆகையால் அவள் பெட்டியில் பட்டுப்புடவையோடு மருத்துவச் சீட்டுகளையும் வைத்து அனுப்புங்கள். ஊர் சேர்ந்தவுடன் இரத்த அழுத்தத்தை அளந்து பார்க்கச் செய்யுங்கள். சிறுநீரையும் சோதிக்கச் செய்யுங்கள். விடாத தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென வீங்குதல் ஆகியவை தோன்றினால், பிள்ளைத்தாய்ச்சிக்கு இவை இயல்பே என்று வாளாவிருத்தல் ஆகாது. அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இந்நோய் வரக்கூடியவர் என்று கண்டால், சிலருக்கு மருத்துவர் சிறு அளவு ஆஸ்பிரின் கொடுத்து முன்னரே காப்பதும் உண்டு.

நாராயணவனம் 1953-இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 2022-இல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கியது. எல்லைகள் மாறின. அங்கே தெலுங்கர் மாய என்பதும் தமிழர் நஞ்சு என்பதும் மாறவில்லை. என் பாட்டியார் சொன்ன சொல்லை நான் இப்போது நகைப்பதில்லை. நஞ்சு தலைக்கு ஏறியது உண்மையே. ஆனால் அந்நஞ்சைச் சுரந்தது ஒரு பகைவன் அன்று. நீர் போதாமல் வாடிய ஒரு செவிலி, தன் குழந்தைக்காக அலறிய அலறல் அது. அன்று அதனைக் கேட்டறியும் கருவி அவ்வீட்டில் இல்லை. இன்று ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இரத்த அழுத்தம் அளக்கும் கருவி உண்டு. ஒரு பெண்ணின் கையில் அதனைச் சுற்றிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.